தவராசா அண்ணையின் நான்கு மூட்டுகள்

செய்தி சைக்கிளில் வந்தது. யாழ்ப்பாணம் திருநெல்வேலிச் சந்தையில் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். மனைவியின் தம்பி குகன் அவர்களுடைய ஊரான தொண்டைமானாற்றிலிருந்து மிதித்து வந்திருந்தான். சைக்கிளை நிறுத்தாமல், பிடித்தபடியே சொன்னான்.

"அத்தான், தவராசா அண்ணை காலமை செத்துப்போனார்."

"என்ன வருத்தம்?"

"நெஞ்சு."

கத்தரிக்காயை வாங்கினேனா என்பது நினைவில்லை.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். தெரிந்தவர்கள் என்றால் ஊரில் எல்லோரும். அவருடைய முகம் தெரிவதற்கு முன்னால் காரின் சத்தம் தெரியும். அவருடைய பழைய மொறிஸ் மைனர் சந்நிதிக் கோயில் பக்கம் திரும்பும்போதே வீட்டுக்குள் இருப்பவர்கள் "கடகடத் தவராசா வாறார்" என்பார்கள். அந்தப் பட்டத்தில் அவருக்குக் கோபமில்லை. "காரைத்தானே சொல்லுறாங்கள்" என்பார்.

எண்பத்து மூன்று கலவரத்தில் தெற்கிலிருந்து கப்பலில் வந்திறங்கியவர்களில் அவரும் ஒருவர். கொழும்பில், பந்தயக் கார்களைத் தயார்செய்யும் ஒரு கராச்சில் பதினைந்து வருடம் வேலை செய்தவர். மற்றவர்கள் கையில் அகப்பட்ட நகையை, காணி உறுதியை, கலியாணப் படத்தை எடுத்து வந்தார்கள். அவர் ஒரு சாரத்துக்குள் நான்கு மூட்டுகளைச் சுற்றி எடுத்து வந்தார். உருக்கு வளையம், அதற்குள் உருக்கு உருண்டை. எந்தப் பக்கமும் திரும்பும், ஆனால் மயிரளவும் தளராது. பந்தயக் காரின் முன்சக்கரங்களைப் பிடித்து நிற்கும் கம்பிகளின் நுனியில் பூட்டுவது. தெருவில் ஓடும் காருக்கு அந்த இடத்தில் றப்பர் இருக்கும். குழியில் விழும் அடியை றப்பர் வாங்கிக்கொள்ளும்.

கப்பலில் வைத்து மனைவி சாவியைப் பற்றிக் கேட்டாராம்: "வீட்டுத் திறப்பையாவது எடுத்தனீங்களோ?"

"வீடே எரிஞ்சுபோச்சு. திறப்பு என்னத்துக்கு?"

ஊரில் மலிவாக ஒரு கார் வாங்கினார். முதல் வேலையாக றப்பரைக் கழற்றி எறிந்துவிட்டு அந்த மூட்டுகளைப் பூட்டினார். வாடகைக் கார். கோயிலுக்கும் கலியாணத்துக்கும் ஆசுபத்திரிக்கும் ஓடுவது. ஏறியவர்கள் பல்லைக் கடித்தபடி இருந்தார்கள். "அண்ணை, உதிலை வந்து இறங்கினா எலும்பை எண்ணிப் பார்க்க வேண்டிக் கிடக்கு" என்று ஒருவர் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன்.

கலியாணமான புதிதில் நானும் கேட்டேன், சாதாரணக் காருக்கு ஏன் இந்தக் கொடுமை என்று. பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கத் தொடங்கியிருந்த காலம். எதற்கும் காரணம் வேண்டியிருந்தது. அவர் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மூட்டுகளை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டிருந்தார். கடற்கரை மணலும் உப்பும் அவற்றைத் தின்றுவிடும். வெள்ளிக்கிழமை தோறும் கழுவி, கிறீஸ் பூசி, சைக்கிள் ரியூப் துண்டால் சுற்றிக் கட்டுவார்.

"றப்பர் பொய் சொல்லும், தம்பி. இரும்பு சொல்லாது. சில்லுக்குக் கீழை என்ன கிடக்கெண்டு என்ரை கைக்குத் தெரியவேணும்."

ஒவ்வொரு ஓட்டத்துக்கும் முன்னால் சந்நிதி வாசலில் கற்பூரம் கொளுத்தி, சக்கரத்தின் கீழ் தேசிக்காய் வைத்து நசித்துவிட்டுத்தான் புறப்படுவார். எல்லாரும் செய்வது. அவர் மட்டும் அந்தக் கணத்தில் கண்ணை மூடுவார். "உள்ளுக்கை எத்தினை கொட்டையெண்டு சொல்லட்டோ?" என்பார். யாரும் இறங்கி எண்ணிப் பார்த்ததில்லை.

தொண்ணூற்றுக்குப் பிறகு, போர்க்காலத் தடையால் எந்த உதிரிப்பாகமும் வடக்கே வரவில்லை. றப்பர் தேய்ந்த கார்க்காரர்கள் பழைய செருப்பை வட்டமாக வெட்டிப் போட்டு ஓடினார்கள். அவருக்கு அது சிரிப்பு. "செருப்பு காலுக்கு. காருக்கில்லை."

தொண்ணூற்றொன்று. நாங்கள் தொண்டைமானாற்றில் மனைவி வீட்டில் இருந்த காலம். மனைவி மலருக்கு ஏழாம் மாதம். முதல் பிள்ளை தங்கவில்லை. ஆறாம் மாதத்தில், பஸ்ஸில் போய்வந்த மறுநாள் போனது. காரணம் அதுதானா என்று டாக்டருக்கும் தெரியாது. எங்களுக்கு அதுதான். இம்முறை டாக்டர் சொல்லியனுப்பினார்: உடனே யாழ்ப்பாணம் ஆசுபத்திரிக்குக் கொண்டுவாருங்கள், படுக்கையில் வைத்திருக்க வேண்டும், வழியில் குலுங்கக் கூடாது.

ஊரில் அப்போது ஓடிக்கொண்டிருந்தது ஒரேயொரு கார். அதையும் தவராசா அண்ணை பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் ஓட்டினார்.

குகன் போய் மறுநாள் காலைக்குப் பேசிவிட்டு வந்தான். நான் முற்றத்தில் நின்று கத்தினேன்.

"உனக்கென்ன விசரோ? உந்தத் தகரத்திலை ஏத்திறதைவிட இஞ்சையே சாகலாம்."

குகன் எனக்குப் பின்னால் பார்த்தான். திரும்பினேன். வேலிக்கு வெளியே தவராசா அண்ணை. எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று கேட்க வந்திருக்கிறார். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

அன்றிரவு மழை.

காலையில் காத்திருந்தோம். கடகடவென்ற சத்தம் வரவில்லை. எட்டு மணி ஆயிற்று. மலர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்: "அவர் வரமாட்டார். நீங்கள் கதைச்ச கதைக்கு ஆர் வருவினம்?"

அப்போது படலையடியில் கார் நின்றது. அது வந்ததை நாங்கள் கேட்கவில்லை. அந்தக் கடகடப்பு இல்லை. கதவைத் திறந்து இறங்கினார். நகங்களில் கிறீஸ். கால்களில் செருப்பில்லை.

முந்திய நாள் பின்னேரம் முழுவதும் காருக்கடியில் கிடந்திருக்கிறார். நான்கு மூட்டுகளையும் கழற்றி வைத்துவிட்டு, தன் செருப்பு இரண்டையும் வட்டம் வட்டமாக வெட்டி அந்த இடத்தில் அடுக்கியிருக்கிறார். அதை அவர் சொல்லவில்லை. காலைப் பார்த்து நான் அறிந்தேன்.

சந்நிதி வாசலில் தேசிக்காய் வைத்தார். சக்கரம் ஏறி இறங்கியது. கண்ணை மூடியிருந்தார். திறந்தபோது அந்த முகம் வேறு.

"தேசிக்காய் தெரியேல்லை" என்றார் மெல்ல. தனக்குத்தான்.

வழியெல்லாம் மழைத் தண்ணீர். பள்ளங்கள் நிரம்பித் தெருவோடு ஒரே மட்டமாகக் கிடந்தன. எது பள்ளம், எது தெரு என்று என் கண்ணுக்குத் தெரியவில்லை. அவர் நடை வேகத்தில் ஓட்டினார். பின்னால் படுத்திருந்த மலருக்கு ஒவ்வொன்றையும் முன்கூட்டியே சொன்னார்.

"பிள்ளை, இனி ஒரு பள்ளம். இடப்பக்கம். நான் சுத்திப் போறன், பயப்பிடாதேங்கோ."

"இந்த மதகு கொஞ்சம் தூக்கும். மூச்சை விட்டிட்டு இருங்கோ."

"நீர்வேலி வாழைத்தோட்டம் முடியிற இடத்திலை ரண்டு. ஒண்டு சின்னன். மற்றதுதான் கள்ளன்."

ஒன்றுகூடத் தவறவில்லை. எட்டு வருடம் அந்த உருக்கு மூட்டுகள் இந்தத் தெருவை அவருடைய உள்ளங்கையில் அடித்து அடித்து எழுதியிருந்தன. அதை அன்று முழுவதும் அவர் நினைவிலிருந்து வாசித்தார். எங்களுக்கு எலும்பு நொந்த ஒவ்வொரு பயணமும் இந்தப் பயணத்துக்குள் இருந்தது. எனக்கு அது கோப்பாய் தாண்டிய பிறகுதான் விளங்கியது.

ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. "றப்பர் பொய் சொல்லும் எண்டியளே, அண்ணை" என்றேன். மன்னிப்பு என்று தொடங்கியது அப்படி வந்து முடிந்தது.

"ஓம். பிள்ளைத்தாச்சிக்கு எல்லா உண்மையும் என்னத்துக்கு, தம்பி? எனக்குத் தெரிஞ்சாப் போதும்."

மகள் மாதம் நிறைந்து பிறந்தாள்.

அந்தப் பயணத்துக்குப் பிறகு ஒரு கிழமைக்குள் மூட்டுகள் திரும்பவும் காரில் ஏறின. "கை செவிடாப் போச்சு" என்றார். ஆனால் செய்தி பரவிவிட்டது. அதன் பிறகு பிள்ளைப்பேற்றுக்குக் கார் பேசப் போகிறவர்கள், கையில் ஒரு சோடி பழைய செருப்போடு முந்திய நாளே போனார்கள். வேறு விளக்கம் தேவைப்படவில்லை. வாங்கி முகர்ந்து பார்ப்பார், வளைத்துப் பார்ப்பார். "உது சரிவராது, காய்ஞ்சுபோச்சு. உங்கடை மாமியாற்றை செருப்பு இல்லையோ? அவ நடக்கிறது குறைவுதானே" என்பார். பின்னேரமே காருக்கடியில் போய்விடுவார். பயணம் முடிந்ததும் மூட்டுகளைத் திரும்பப் பூட்டுவார். இவ்வளவு வேலையையும் ஒருவர்கூட அவரிடம் கேட்டதில்லை. செருப்பைத்தான் நீட்டினார்கள்.

அவர் இறந்த காலையில் அவருடைய கார் எஞ்சின் கழற்றியபடி கிடந்தது. நெஞ்சு நோவோடு இருந்தவரைப் பக்கத்து வீட்டு லாண்ட்மாஸ்டர் உழவு மெசினின் பெட்டியில் பாய் விரித்துக் கிடத்தி ஆசுபத்திரிக்குக் கொண்டுபோனார்கள். குகன் தலையை மடியில் வைத்திருந்தான். ஒவ்வொரு பள்ளத்துக்கும் உடம்பு எகிறி விழுந்ததாம். அதற்குள்ளும் அவர் குகனிடம் ஏதோ சொல்ல முயன்றிருக்கிறார். குனிந்து கேட்டிருக்கிறான்.

"உதுக்குச் செருப்புக்கூட இல்லையடாப்பா."

சிரித்தாராம். அச்சுவேலி வருவதற்கு முன்னர் அடங்கிவிட்டார்.

இதைச் செத்த வீட்டில் குகன் சொன்னபோது, அழுதுகொண்டிருந்த பெண்கள் சிலர் சிரித்துவிட்டு மறுபடி அழுதார்கள். அவர்களில் பலர் அந்தக் காரில் பிள்ளையைச் சுமந்துகொண்டு போனவர்கள்.

மூட்டுகள் காரிலேயே இருக்கின்றன. யாரும் கழற்ற மாட்டார்கள் என்று நினைக்கிறேன். என்னிடம் இருப்பது ஒரு றப்பர் வட்டம். நீல நிறம், ஓரம் நசிந்தது, நடுவில் துளை. மகள் பிறந்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வந்தபோது கொண்டுவந்து தந்தார். "உவள் வந்த செருப்பு. எறியாதேங்கோ." அவருடைய பெருவிரல் தேய்த்த பள்ளம் அதில் இன்னும் தெரிகிறது. வேலிக்கு வெளியே அவர் கேட்ட அந்தச் சொல்லுக்கு நான் கடைசிவரை மன்னிப்புக் கேட்கவில்லை. அதுவும் என்னிடம்தான் இருக்கிறது.

இன்னொன்றும் உண்டு. மகளைச் சைக்கிள் பாரில் இருத்தி ஓட்டும்போது, ஒவ்வொரு குழிக்கும் முன்னால் என்னையறியாமல், அவர் சொன்ன அதே சொற்களில் "இனி ஒரு பள்ளம்" என்பேன். அவள் ஹான்டிலை இறுக்கிப் பிடிப்பாள். செத்த வீடு முடிந்து அவளை ஏற்றிக்கொண்டு திரும்பியபோது நான் ஒரு பள்ளத்தையும் சொல்லவில்லை. நீர்வேலி. வாழைத்தோட்டம் முடிகிற இடம். சின்னனைக் கடந்துவிட்டோம்.

"அப்பா, மெல்ல" என்றாள் அவள். "இனிக் கள்ளன்."