வீடு கட்டாமல் இருக்கும் உரிமை

நஞ்சை நிலத்தை மனையாக்க மாவட்ட ஆட்சியரின் முன் அனுமதி வேண்டும். பிற்காலத்தில் இந்த விதியை நானே பல கோப்புகளில் மேற்கோள் காட்டியிருக்கிறேன். நான் சிறுமியாக இருந்தபோது ஆட்சியர் கடலூரில் இருந்தார். விதியும் அவரோடு அங்கேயே இருந்தது. சங்கராபுரம் சாலையோரம் பெரியப்பாவின் வயலில் மனைத் தரகர் சுண்ணாம்புக் கோடு போட்டுவிட்டுப் போனார்.

ஏரித் தண்ணீர் அந்த வயலைத் தாண்டித்தான் எங்கள் வயலுக்கு வரவேண்டும். "மேல மண்ணக் கொட்டிட்டா நாம மலைக்குக் கட்டை வெட்டத்தான் போவணும்" என்றாள் அம்மா. கல்வராயன் மலையில் கரடி உண்டு என்பது எனக்குத் தெரியும். லாரிச் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடிப்போய்ப் பார்ப்பேன்.

அப்பா ஒரு வழி கண்டுபிடித்தார். வயலும் விளைச்சலும் பெரியப்பாவுக்கே இருக்கட்டும்; அதில் மனை போடும் உரிமையை மட்டும் தான் வாங்கிக்கொள்வது. ஈடாக, பெரியப்பா மகள் கல்யாணத்துக்கு ஆகட்டுமென்று எங்கள் புளியந்தோப்பு. பத்திரம் பதிய நானும் கூடப் போனேன்.

"நெலத்தையும் வாங்கல, வெள்ளாமையும் வாங்கல. அப்புறம் இன்னாத்தத்தான் வாங்குறீங்க?" என்றார் சார்பதிவாளர்.

"அவரு வூடு கட்டாம இருக்கறத வாங்குறேங்க" என்றார் அப்பா.

சார்பதிவாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இல்லாத ஒன்றுக்கு என்ன முத்திரைத்தாள் என்று மேலிடத்தைக் கேட்டு எழுதினார்.

பதில் வரும்வரை சும்மா இருக்க முடியுமா? பெரியப்பா மதகடியில் கற்பூரம் ஏற்றி, மனை போடமாட்டேன் என்று சொல்லி உள்ளங்கையால் அணைத்தார். சத்தியம் தவறினால் குடும்பமே விளங்காது. நாங்களும் அதே குடும்பம்தான் என்பது நினைவுக்கு வந்ததும் என் பயம் இரட்டித்தது.

பதில் வரவில்லை, தோப்பையும் மாற்றி எழுத முடியவில்லை. கல்யாணமோ நெருங்கியது. ஒரு காலையில் செம்மண் லாரி வயலோரம் வந்து நின்றது. பெரியப்பா குறுக்கே நின்றார்.

"இன்னா பெரியவரே, தம்பிக்குப் பயந்துக்கினு கீற?" என்றார் தரகர்.

"தம்பிக்கு இல்லப்பா. கற்பூரம் அணைச்சிருக்கேன்."

அதைக் கேட்ட லாரி டிரைவர் நிறுத்திய இன்ஜினை மறுபடி கிளப்பினார். "சத்தியம் பண்ண நெலத்துல நான் மண்ணு கொட்ட மாட்டேங்க. எனக்கும் புள்ளகுட்டிங்க கீது." தரகர் கத்திக்கொண்டிருக்கும்போதே லாரி பின்னால் நகர்ந்து போய்விட்டது.

பெரியப்பா வரப்பில் உட்கார்ந்துவிட்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். தரகருக்குப் பயந்துவிட்டார் என்று நினைத்தேன். கல்யாணச் செலவுக்காக லாரியை வரச்சொன்னவரே பெரியப்பாதான் என்பதும், லாரியைக் கண்டதும் அவர் பயந்தது தான் அணைத்த கற்பூரத்துக்கு என்பதும் அன்று எனக்குப் புரியவில்லை. மறுநாளே அப்பா, பத்திரமில்லாமல் தோப்பை விட்டுக்கொடுத்தார்.

பெரியப்பா இருந்தவரை அந்த வயலில் நெல்தான் விளைந்தது. மேற்படி உரிமை விற்பனைக்குரியதல்ல என்று கடலூரிலிருந்து பதில் வந்த நாள், அவருடைய கருமாதி.