பின்கதவு வழியாகப் போன கொப்பரை

புது மிஷின் வந்துவிட்டது, இனி ஆளே வேண்டாம் என்று யாராவது வாய் நிறையச் சொன்னால் எனக்கு இன்றும் குமட்டிக்கொண்டு வரும். மிஷின் மேல் எனக்குக் கோபமில்லை. அதைப் பற்றிப் பேசுகிற வாய்களைத்தான் சகிக்க முடியவில்லை. அதில் என் வாயும் உண்டு.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளுக்கு எதிராக அவசரகாலம் போட்டிருந்தபோது நாங்கள் சபாக் பக்கம் ஒரு தென்னந்தோட்டத்தில் இருந்தோம். நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி. காலையில் கேட் திறந்து, காவல்காரன் தூக்குச்சட்டிக்குள் காட்டுக்காரர்களுக்கு அரிசி கடத்துகிறோமா என்று கிளறிப் பார்த்த பிறகுதான் களத்துக்குப் போக முடியும். களத்தில் கொப்பரை காயப்போடும் பன்னிரண்டு பெண்களில் நானும் என் அக்காவும் இருந்தோம். என் புருஷனுக்குத் தேங்காய் பறிக்கும் வேலை. வீடு அவர் பேரில் இருந்தது. அக்காவுக்குப் புருஷன் இல்லை. இரண்டு பிள்ளைகளையும் ஒரு லயத்து அறையையும் அந்தக் களத்து வேலைதான் காப்பாற்றியது. வேலை இல்லாதவர் பேர் தோட்டத்துப் பதிவில் இருக்காது. பதிவில் இல்லாதவர் வேலிக்குள் தங்க முடியாது.

சாயங்காலம் ஊரடங்குக்குக் கேட் மூடிய பிறகு மழை வந்தால் கொப்பரை நனையும், நாங்கள் உள்ளேயிருந்து பார்த்துக்கொண்டு நிற்போம். அதற்காகத்தான் மிஷின் வாங்கினார்கள். ஓர் அறை அளவுக்கு இரும்புக் கூண்டு. அடியில் சிரட்டை எரியும், விசிறி சூட்டை மேல் தட்டுகளுக்குத் தள்ளும். விற்க வந்தவன் கோலாலம்பூர்க்காரன். இன்று போட்டால் நாளைக்குக் கொப்பரை, மழையும் ஊரடங்கும் ஒன்றும் செய்யாது, ஆளும் தேவையில்லை என்று அளந்துவிட்டுப் போனான்.

பாதித் தட்டு போட்டு, இரண்டு மூன்று நாள் விட்டு, நடுவில் கையால் புரட்டிக் கொடுத்தால் அது சுமாராகக் காயவைத்தது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் அவனைப் போலத்தான். ஆனால் அவன் சொன்னபடி நிறையப் போட்டு மறுநாள் எடுத்தால் மேலே கருகல், உள்ளே ஈரம். நாலு நாளில் பூசணம். காறல் வாடையில் ஸ்டோர் பக்கம் போக முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து மற்ற தோட்டத்துத் துரைகள் மிஷினைப் பார்க்க வருவதாகச் செய்தி. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி களத்துக்கு ஓடி வந்தார்.

"நீங்க காய வச்சதுல நல்ல வெள்ளையா பார்த்துப் பொறுக்கி, மிஷின் பின்கதவு வழியா அடுக்கிருங்க. நம்ம தோட்டத்து மானம்லா!"

எங்களுக்கு ஒரே குஷி. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்வது போலச் சிரித்துக்கொண்டே செய்தோம். அக்கா ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து அடுக்கினாள். துரைகள் முன்கதவைத் திறந்து பார்த்து அசந்துபோனார்கள். நாங்கள் தள்ளி நின்று ஒருவரையொருவர் கிள்ளிக்கொண்டோம். எங்களைவிட முட்டாள்கள் அன்று அந்தத் தோட்டத்தில் யாரும் இல்லை.

பத்து நாள் கழித்துப் பெரட்டில், காலையில் பேர் கூப்பிடும் இடத்தில், கிராணி ஒரு காகிதத்தை வாசித்தார். மிஷின் நன்றாக ஓடுவதால் களத்துப் பெண்களில் ஒன்பது பேருக்கு இனி வேலை இல்லை. அக்கா ஒன்பதில் ஒருத்தி. நான் மீதி மூன்றில்.

அக்கா அவர் முன்னால் போய் நின்றாள். "அது நாங்க காய வச்சதுன்னு உங்களுக்குத் தெரியாதாய்யா?"

"எனக்குத் தெரியும்மா. நம்ம தொரைக்கும் தெரியும். ரொம்ப நல்ல மிஷின்னு மேல எழுதிப் போட்டாச்சு. இனிமே எப்படி மாத்தி எழுதுவாரு?"

"அப்ப இந்த மூணு பேரு எதுக்கு?"

"பார்க்க வர்றவங்களுக்குக் காட்டக் கொப்பரை வேணுமே."

சீ என்று காறித் துப்பத் தோன்றியது. துப்பவில்லை. என் இடத்தை அக்காவுக்குக் கொடுங்கள், என் புருஷனுக்கு வேலை இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அக்கா திரும்பி என்னைப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். என் சம்பளம் எனக்குப் பெரிதாக இருந்தது.

கடலோரத்துப் பாகான் நக்கோடா ஓமாரில் மீன் காயப்போட ஆள் கேட்டார்கள் என்று அக்கா பிள்ளைகளோடு லோரி ஏறினாள். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

அந்த வாரமே மறுபடியும் ஒரு கூட்டம் மிஷினைப் பார்க்க வந்தது. களத்தில் அக்கா கடைசியாகக் காயவைத்த கொப்பரைதான் இருந்தது. அதைத்தான் பின்கதவு வழியாக அடுக்கினேன். வந்தவர்களில் ஒரு வெள்ளைக்கார அம்மா ஒரு துண்டை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ கேட்டாள். கிராணி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"இதுல மனுஷங்க கையே படலையான்னு கேக்குறாங்க."

"படலீங்க," என்றேன்.