மேஜையில் விரித்த துணி

2008-ஆம் ஆண்டு மழைக்காலம் முடிந்த சமயம், ஒரு புதன்கிழமை காலை, மங்கலத்தில் நாங்கள் குடியிருந்த வீட்டை ஒட்டிய தறிக்கூடத்துக்கு லாரி வந்தது. கரண்ட் இல்லாமல் பாதி நேரம் நின்றே கிடந்த விசைத்தறிகளை முதலாளி பழைய இரும்பாக விற்றுவிட்டார். என் கணவர் தேவராஜ், எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்தத் தறிகளை ஓட்டியவர். அவரே ஸ்பேனர் பிடித்துக் கழற்றிக் கொடுத்தார். எங்கள் வீடும் முதலாளியுடையதுதான். அதையும் காலி செய்தோம்.

திருப்பூருக்கு வந்தோம். டவுன் பஸ்ஸில் போய் வருகிற தூரம்தான். ஆனாலும் வரிசை வீட்டில் பாத்திரங்களை இறக்கிய அன்று வேறு தேசத்துக்கு வந்தது போல இருந்தது. ஒரு பக்கம் இந்தி, மறுபக்கம் தெற்கத்தித் தமிழ். தறிச் சத்தம் இல்லாததால் எனக்குத் தூக்கமே வரவில்லை.

ஒரு சிறிய பனியன் கம்பெனியில் தைத்த பனியன்களில் பிசிறு நூல் வெட்டும் வேலை எனக்குக் கிடைத்தது. அவருக்கு எதுவும் அமையவில்லை. "டெய்லருங்களா?" என்று போகிற கம்பெனியில் எல்லாம் கேட்பார்கள். இல்லை என்றதும் அனுப்பிவிடுவார்கள். வாரக்கணக்கில் சும்மா இருந்தார். குடும்ப ஜெபத்தில் உட்காருவார், வாய் திறக்க மாட்டார். ஆண்டவரே, எங்களைப் பிடுங்கி எடுத்தீர், நடுவதற்கு ஏன் மறந்தீர் என்று நான் கேட்காத நாள் இல்லை.

ஒருநாள் காலித் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"உடுமலைப் பக்கம் தென்னந்தோப்புக் காவலுக்கு ஆள் வேணுமாம். அங்கயே தங்கிக்கோணும். நீ புள்ளையக் கூட்டிக்கிட்டு மூலனூர்ல உங்கண்ணன் ஊட்டுல இரு."

"எத்தன நாளைக்குங்க?"

"அது தெரிஞ்சா நான் ஏன் இப்படி உக்காந்திருக்கறேன்."

பத்தாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எங்கள் மகள் எஸ்தர், புத்தகத்தை மூடாமல், பக்கத்தையும் திருப்பாமல் உட்கார்ந்திருந்தாள்.

நான் கம்பெனியில் கெஞ்சிக் கேட்டு, கட்டிங் பகுதியில் அவருக்கு ஒரு வேலை வாங்கினேன். "இதும் சரிப்படலீன்னா தோப்புக்குப் போயிருவேன். அப்புறம் தடுக்காத" என்று சொல்லிவிட்டு வந்தார்.

கட்டிங் மாஸ்டர் செல்வம் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். என் கணவரைவிட மிகவும் இளையவர். அவர் ஒரு கல்யாணத்துக்கு ஊருக்குப் போயிருந்த நாளில், துணியை மேஜையில் அடுக்கடுக்காக விரிக்கும் வேலை என் கணவரிடம் வந்தது. தறித்துணி பழகிய கை அல்லவா? ரோலைப் பிரித்த உடனே இரண்டு பக்கமும் விறைப்பாக இழுத்து, ஒரு சுருக்கம் இல்லாமல் அடுக்கினார். வெட்டியும் முடித்தார்கள். அன்று வீட்டுக்கு வரும்போது அவர் முகத்தில் வெகுநாளைக்குப் பிறகு தெளிவைப் பார்த்தேன்.

மறுநாள் பார்த்தால் வெட்டி வைத்த பீஸ்கள் எல்லாம் சுருங்கிக் கிடந்தன. அளவு அட்டையை வைத்தால் நீளம் பற்றவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய செல்வம் தலையில் கை வைத்துக்கொண்டார். "அண்ணாச்சி, இது என்ன தறித்துணியா, இழுத்த இடத்துல நிக்கதுக்கு? பனியன் துணிய ஒரு நாளு சும்மா விரிச்சுப் போட்டுட்டுல்லா வெட்டணும்."

என் கணவர் மதியச் சாப்பாட்டுத் தூக்குவாளியைக் கையில் எடுத்துக்கொண்டார். தோப்புக்குக் கிளம்பத் தயாராகிவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. நூல் கோன் பெட்டிகளுக்குப் பின்னால் போய் நின்றேன். முழங்காலிட்டு ஜெபிக்க இடமில்லை. "அப்பா, எங்களைப் பிரித்துவிடாதேயும்." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

வெளியே வந்தபோது கம்பெனி முதலாளி வந்திருந்தார். பீஸ்களைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். செல்வம்தான் மெதுவாகச் சொன்னார். "மொதலாளி, இதே கலர்ல சின்ன சைஸு இன்னும் வெட்டல. இந்தப் பீஸையெல்லாம் அதுக்குக் கொறச்சிரலாம். அதுக்கு வச்சிருக்க துணியில பெரிய சைஸ வெட்டிக்கிடலாம்."

சின்ன அளவுக்கான அந்தத் துணி முந்தின வாரமே வெட்டியிருக்க வேண்டியது. சாயப்பட்டறையிலிருந்து தாமதமாக வந்தது என்று நாங்கள் எல்லாரும் சலித்துக்கொண்டிருந்தோம். அந்தத் தாமதத்துக்குள் எங்கள் குடும்பத்துக்கான உதவி இருந்தது.

முதலாளி இவரைப் பார்த்தார். "தறி ஓட்டுனவருங்களா? இத்தன சுத்தமா அடுக்கி நான் பார்த்ததில்லீங்க. இழுக்காம மட்டும் போட்டுப் பழகுங்க. தூக்குவாளிய எங்க கொண்டு போறீங்க, இன்னும் சாப்பாட்டு நேரமே வரலீங்களே."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். இவரும் சிரித்தார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் இடத்துக்குப் போனேன்.

அன்று குடும்ப ஜெபத்தில் அவரே வாய் திறந்தார். "ஆண்டவரே, மெசின்ல இருந்து துணி இழுபட்டு வருது. கொஞ்சம் கெடந்தாத்தான் அது தன்னோட அளவுக்கு வருது. எங்களச் சும்மா போட்டு வெச்சிருக்கறீங்கன்னு நெனச்சுட்டேன். மன்னிச்சுக்கோங்க." எஸ்தர் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மூவரும் சேர்ந்து ஆமென் சொன்னோம்.

தென்னந்தோப்புப் பேச்சு அதோடு நின்றது. நாங்கள் மூவரும் ஒரே வீட்டில் இருக்கிறோம். வேலை இல்லாமல் அவர் உட்கார்ந்திருந்த வாரங்களை இப்போது நான் குறையாகச் சொல்வதில்லை. அவற்றுக்கும் சேர்த்தே நன்றி சொல்லுகிறேன்.

அன்பானவர்களே, பழகிய இடத்தை விட்டு வந்து, ஒன்றும் நடக்காமல் கிடக்கிறோமே என்று கலங்குகிறவர்கள் இதை வாசித்தால், இன்னும் கொஞ்சம் பொறுத்திருங்கள். உங்களை விரித்துப் போட்டவர் மேஜையை விட்டுப் போய்விடவில்லை. பக்கத்தில்தான் நிற்கிறார்.