சுத்தியலும் காணாமல் போன ஸ்டாப்பர்களும்

இரும்புத் தகட்டை அழுத்தி உருவம் கொடுக்கும் டை என்னும் அச்சுகள் செய்வது எங்கள் கம்பெனி. அங்கே கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் அக்காவுக்குச் சுத்தியல் என்று பட்டப்பெயர். திரை உறைந்து நின்றால் அதன் தலையில் நாலு தட்டுத் தட்டும் ஆட்கள் எல்லா ஆபீசிலும் உண்டு. எங்கள் ஆபீசில் அப்படித் தட்டியவனை அவள் தட்டுவாள். "வலிக்குதா? அதுக்கும் அப்படித்தான்" என்பாள். கை நீட்டிய புருஷனின் கட்டைவிரலை ஒடித்து வெளியே அனுப்பியவள். மாமியார் மகனோடு போகவில்லை, மருமகளோடு தங்கிவிட்டார். யாராவது நியாயம் கேட்டு வந்தால், "இன்னும் ஒன்பது விரல் இருக்குல்ல, அத வெச்சுப் பொழைச்சுக்கட்டும்" என்று வாசலிலேயே அனுப்பிவிடுவாராம்.

எங்கள் வம்சத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். நான் கம்ப்யூட்டரில் வரைந்த டை முதன்முதலாகப் பிரஸ் மெஷினில் ஏறிய அன்று, அதை வீட்டுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தேன். கதவு உதைபட்டுத் திறந்தது. கீழ்ப் பட்டறைப் போர்மேன். சட்டையெல்லாம் ரத்தம், அவருடையது அல்ல.

"எங்கடா அந்தப் படிச்ச துரை?"

பிடரியைப் பிடித்து என் முகத்தைக் கீபோர்டில் மோதினார். உதடு கிழிந்தது.

"ஸ்டாப்பர் இல்லாம டை வரைஞ்சிருக்கே! மேல்பாதி அப்படியே இறங்கி என் தங்கச்சி புருஷன் கை கூழாப் போச்சுடா!"

டையின் மேல்பாதி அளவு மீறி இறங்காமல் தாங்கும் கட்டைவிரல் பருமனுள்ள இரும்புத் துண்டுதான் ஸ்டாப்பர். நான் நான்கு போட்டிருந்தேன். வாயில் ரத்தம் வழிய என் திரையைக் காட்டினேன். நான்கும் இருந்தன.

"இப்பத்தான் போட்டிருப்பே. கீழ எங்க திரையைப் பார்த்துத்தான் டையைக் கோத்தோம். அதுல ஒண்ணுகூட இல்ல. வா, பசங்க காத்திருக்காங்க."

சுத்தியல் குறுக்கே வந்து நின்றாள். "ஒரே பைல், ரெண்டு திரை. கீழ இருக்கிறதை நான் பார்க்கிறேன். தம்பி மேல தப்புன்னா நீ ஏன்யா கை வலிக்க அடிக்கிறே, நானே அடிக்கிறேன்."

பட்டறைத் தரையில் ரத்தத்தின் மேல் யாரோ மரத்தூளைக் கொட்டியிருந்தார்கள். இருவர் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்தார்கள். அங்கிருந்த திரையில் என் டை அப்படியே இருந்தது, ஸ்டாப்பர்களைத் தவிர. "பார்த்தியா?" என்று என் வயிற்றில் ஒரு குத்து விழுந்தது.

சுத்தியலுக்குப் பழைய கிராபிக்ஸ் கார்டின் மேல்தான் சந்தேகம். கார்டை ஒதுக்கிவிட்டு, கம்ப்யூட்டரே படத்தை வரையும்படி மாற்றினாள். படம் நத்தை போல ஊர்ந்து வந்தது. ஸ்டாப்பர் வரவில்லை. கார்டை இயக்கும் டிரைவர் புரோகிராமை மாற்றினாள். வரவில்லை. பிறகு டைப் படத்தைக் காட்டும் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தாள். 'சிறிய பாகங்களை வரைய வேண்டாம்' என்ற வரிக்குப் பக்கத்தில் டிக் இருந்தது. மவுஸின் மேல் அவள் கை நின்றுவிட்டது.

படத்தைத் திருப்பினால் சிக்குகிறது என்று போன வாரம் போர்மேன் கத்தியபோது, இறங்கிவந்து சரிசெய்தவள் அவள்தான். அது எனக்குத் தெரியும். சத்தமில்லாமல் டிக்கை எடுத்துவிட்டுக் கார்டின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். கார்டுக்கு வாய் கிடையாது. ஆனால் போன கைக்குப் பதில் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் வேண்டும். கையில் அகப்பட்டிருந்தவன் நான்.

"நான்தான்யா," என்றாள். "சிக்குதுன்னு சொன்னியே, அன்னிக்குச் சின்னதையெல்லாம் வரைய வேணாம்னு மாத்தினேன். எதெது மறையும்னு பார்க்கல. உங்ககிட்டச் சொல்லவும் இல்ல."

டிக்கை எடுத்தாள். நான்கு ஸ்டாப்பர்களும் வந்து நின்றன.

போர்மேன் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். பக்கத்தில் கிடந்த இரும்புக் கம்பியை எடுத்து அவள் தோளில் இறக்கினார். எலும்பு முறிந்தது எல்லோருக்கும் கேட்டது. மேசையோடு சரிந்தாள். திரை அவள் மேல் விழுந்து நொறுங்கியது.

"இன்னொண்ணு வேணும்னாலும் அடிச்சுக்க," என்றாள் தரையிலிருந்து. "அவனை விடச் சொல்லு."

இன்னொன்றும் விழுந்தது. அதற்குப் பிறகுதான் என் கைகளை விட்டார்கள். நான் போய் அவள் மேல் குப்புற விழுந்தேன். மூன்றாவது அடியை என் முதுகு வாங்கியது.