எட்டு நாளும் தூக்காத பிள்ளை

போன வருடத்துக்கு முந்திய வருட மார்கழியில், தாய்லாந்தின் வடக்கே உள்ள சியாங் மாய் நகரத்துக்கு நாங்கள் போனது ஊர் பார்க்க அல்ல. என் கணவரின் அக்காவை, என் மச்சாளைப் பார்க்க. என் கணவருக்கு அகதி என்று கொடுத்த பயணப் பத்திரத்தில் இலங்கை தவிர மற்ற நாடுகளுக்குப் போகலாம் என்று எழுதியிருக்கிறது. மச்சாளுக்கோ லண்டன் விசா இரண்டு தரம் மறுக்கப்பட்டுவிட்டது. எங்களைப் போன்ற பல குடும்பங்கள் செய்வதுபோல, இரண்டு பக்கமும் வரக்கூடிய மூன்றாவது நாடு ஒன்றைத் தேடினோம். தாயில்லாத தம்பியை வளர்த்தவர் அவர். பதினேழு வருடங்களாக அவனை நேரில் பார்க்கவில்லை. இப்போது அவனுக்குப் பதினொரு மாதத்தில் ஒரு மகளும் இருந்தாள்.

இடத்தைத் தேர்ந்தெடுத்தது நான். பாங்கொக் வெக்கை பிள்ளைக்குச் சரிவராது என்று லண்டன் இல்ஃபோர்ட் வீட்டில் இருந்து நாள்கணக்காக வாசித்து, சியாங் மாய் என்று முடிவெடுத்தேன். அங்கே அது குளிர்காலம் என்று போட்டிருந்தது. வெப்பநிலையைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. போனில் மச்சாளுக்குச் சொன்னேன்: "ஸ்வெட்டர் ஒண்டும் காவிக்கொண்டு வராதேங்கோ மச்சாள். அங்கத்தைக் குளிர் எங்களுக்கு வெய்யில் மாதிரி."

"அப்ப சரி பிள்ளை. உமக்குத் தெரியாததே."

எங்களுக்கு என்று நான் சொன்னது லண்டனில் இருப்பவர்களை. யாழ்ப்பாணத்தை விட்டு வெளியே வராத ஒருவரிடம் அதைச் சொல்கிறேன் என்று எனக்கு உறைக்கவில்லை.

பருத்திச் சேலையும் செருப்புமாக விடுதி வாசலில் வந்து இறங்கினார். என் கணவர் அவரைக் கட்டிப்பிடித்து, "என்னக்கா இவ்வளவு சின்னனாப் போனியள்?" என்றார்.

"நான் சின்னனாகேல்லையடா. உன்ர வயிறுதான் முன்னாலை வந்திட்டுது."

நான் பிள்ளையை நீட்டினேன். அவர் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். "பொறும் பிள்ளை. பிளேனிலையும் பஸ்ஸிலையும் வந்த உடம்பு. தோய்ஞ்சிட்டு வந்து தூக்கிறன்." வெளியில் இருந்து வந்தால் தலைமுழுகாமல் கைக்குழந்தையைத் தொடமாட்டார்கள் எங்கள் வீடுகளில். வெந்நீருக்கு ஒரு சுவிட்ச் இருந்தது. நான் காட்டிக்கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. மலைக்காற்று இறங்கும் மாலையில் பச்சைத் தண்ணீரில் தலைமுழுகி, விறாந்தையில் நின்று தலை உலர்த்தினார். உள்ளே வந்தபோது மகள் தூங்கிவிட்டாள்.

"எழுப்பாதேயும். நாளைக்குத் தூக்குவம்."

விடியும்போது அவருக்கு இருமல் தொடங்கியிருந்தது.

என் மகள் இரண்டு மாதத்தில் நெஞ்சுச் சளியால் ஆஸ்பத்திரியில் ஒட்சிசன் குழாயோடு கிடந்தவள். யார் இருமினாலும் அவளை அள்ளிக்கொண்டு அடுத்த அறைக்குப் போய்விடுவேன். "இருமல் குறையட்டும் மச்சாள், பிறகு தூக்குங்கோ" என்றேன். "ஓம் பிள்ளை, அதுதான் சரி" என்று அவரே கதிரையை அறையின் மற்ற மூலைக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். அங்கிருந்து மகளுக்குக் கைதட்டிக் காட்டுவார், இருமல் வந்தால் எழுந்து வெளியே போவார். அவர் பிள்ளைக்கென்று தைத்துக் கொண்டுவந்த கையில்லாத மூன்று மெல்லிய சட்டைகள், வெயில் என்று நான் சொன்னதை நம்பித் தைத்தவை, மேசையில் மடித்தபடியே கிடந்தன.

இருமல் குறையவில்லை. என் கணவர் ஒருநாள் தாங்காமல், "அவ இவளைத் தூக்கத்தான் வந்தவ, தெரியுமே?" என்றார். "இவளுக்கு ஏதும் நடந்தா நீங்களே பொறுப்பு?" என்று கேட்டேன். அதன்பிறகு அவர் அந்தக் கதையை எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமைச் சந்தைக்குப் போனோம். அந்த ஊர்க்காரர்களே தடித்த ஜாக்கெட் போட்டிருந்தார்கள். நான் லண்டன் பழக்கத்தில் மெல்லிய சட்டையோடு நடந்தேன். கம்பளித் தொப்பி விற்ற ஒரு பெண் மச்சாளைக் கண்டதும் எழுந்து வந்தார். ஒரு தொப்பியை அவர் தலையில் மாட்டி, சால்வையைக் கழுத்தைச் சுற்றிக் கட்டினார். பிறகு என் கையைப் பிடித்து இழுத்து மச்சாளின் விரல்களின் மேல் வைத்தார். தாய்லாந்து மொழியில் ஏதோ சொன்னார். எனக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. விரல்கள் ஐஸ் மாதிரி இருந்தன. மச்சாள் வந்து ஐந்து நாளில் நான் அவரைத் தொட்டது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நாள் விமான நிலையத்தில் எனக்கு மனம் கேட்கவில்லை. "தூக்குங்கோ மச்சாள்" என்று பிள்ளையை நீட்டினேன். அவர் ஒரு அடி பின்னால் போனார்.

"வேண்டாம் பிள்ளை. பிளேனிலை காய்ச்சல் கீய்ச்சல் வந்தா நீர் என்ன செய்வீர்?"

முகத்தை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, காலுறை போட்ட மகளின் பாதத்தை மட்டும் உள்ளங்கையில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். நான் வற்புறுத்தவில்லை. உண்மையைச் சொன்னால், அந்த நேரம் எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

ஊருக்குப் போய் டொக்டரிடம் காட்டினார். கிருமி இல்லை, குளிரில் வந்த இழுப்பு, மற்றவர்களுக்குத் தொற்றாது என்றாராம். இனிக் குளிர் இடத்துக்குப் பயணம் கூடாது என்றும் சொல்லிவிட்டார். மச்சாள் இதை போனில் ஒரு குறையும் இல்லாமல் சொன்னார். பிள்ளைக்கு ஒன்றும் வராதது அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

ஆனால் பழக்கம் விட்டுப்போகவில்லை. வீடியோ அழைப்பில் மகளின் முகம் தெரிந்ததும் இன்றும் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொள்வார். இரண்டு வயது தாண்டிய என் மகள், மாமிக்கு வணக்கம் சொல்வது அப்படித்தான் என்று நினைத்து, தன் சின்னக் கையால் வாயைப் பொத்திக் காட்டுகிறாள். அவளைத் திருத்த வேண்டும் என்று ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். அதை அவர்கள் இருவருக்கும் பழக்கியது நான்தான் என்பதால் ஒவ்வொரு முறையும் பேசாமல் போனைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.