மாடிக்கு ஏறிய சாம்பிராணி

நோர்பரியில் இந்த வீட்டுக்கு வந்தபோது முன் அறையில் குளிர்காய நெருப்பு மூட்டும் பழைய கணப்பைப் பலகையடித்து மூடியிருந்தார்கள். பலகையைக் கழற்றி, அந்தப் பொந்துக்குள் சாமிப் படங்களை வைத்தேன். வெள்ளிக்கிழமைகளில் சாம்பிராணி போட்டால் புகை அதன் புகைபோக்கி வழியே நேரே மேலே போய்விடும். சற்று நேரத்தில் மாடியில் மகளின் அறையிலும் வாசம் வரும். “சாமி மேலயும் ஒருக்காப் போயிட்டு வாறார்,” என்பார் என் கணவர். எனக்கும் அது பெருமைதான். வீட்டுக்கு வந்த சொந்தக்காரரை மாடிக்குக் கூட்டிப்போய் மணந்து பார்க்கச் செய்திருக்கிறேன்.

போன குளிருக்கு முன் அந்த இடத்தில் விறகு அடுப்பு வைக்க முடிவு செய்தோம். சாமிப் படங்கள் சமையலறைக்கு மாறின. புகைபோக்கியைச் சோதிக்க வந்த வெள்ளைக்காரர், நாங்கள் அருள் என்று நினைத்திருந்தது ஓட்டை என்றார். கற்களுக்கு நடுவே சாந்து உதிர்ந்து, மகளின் அறைச் சுவர் வழியே புகை கசிகிறதாம். அடுப்பு எரித்தால் மணமே இல்லாத நச்சுக்காற்றும் அதே வழியில் வரும், தூங்குகிறவர் எழும்பமாட்டார் என்றார். உள்ளே மேலிருந்து கீழ்வரை வளையக்கூடிய மெல்லிய உருக்குக் குழாய் ஒன்றை இறக்கவேண்டும்.

அவரும் கூட்டாளியும் வந்தார்கள். ஒருவர் கூரையிலிருந்து குழாயை விட, மற்றவர் கீழே கயிற்றால் இழுத்தார். பாதியில் அது இறுகி நின்றது. புகைபோக்கி அங்கே கொஞ்சம் வளைகிறதாம். பலமாக இழுத்தார்கள். சரக்கென்று ஒரு சத்தம், பிறகு இறங்கிவிட்டது. அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் பேசாமல் நின்றேன். பள்ளிக்கூடத்தில் விடை தெரிந்தாலும் கை உயர்த்தாத ஆள் நான்.

அடுப்பைப் பொருத்தினார்கள். அதற்குள் புகை போட்டு, வீதியில் நின்று கூரைக்கு மேலே புகை வருவதைப் பார்த்து, எல்லாம் சரி என்றார்கள். சான்றிதழ் எழுத, முதலில் சோதிக்க வந்தவர் வாசலில் நின்ற தன் வான் வண்டிக்குப் போனார். அதற்குள் நான் கரியைப் பற்றவைத்து அடுப்புக்குள் வைத்து, சாம்பிராணியைத் தூவிக் கதவைச் சாத்தினேன். மாடிக்கு ஓடி, புகைபோக்கிச் சுவரோடு ஒட்டி நின்ற மகளின் அலுமாரிக்குள் தலையை விட்டுக் காத்திருந்தேன். மெல்ல வந்தது, அதே வாசம்.

பின்னால் வந்த கணவர், “அது உடுப்பில ஊறின பழைய மணம். விடும்,” என்றார்.

“உடுப்பு முழுக்க மற்ற அறையில கிடக்கு. இது வெறும் அலுமாரி.”

“அப்ப நீர் போய்ச் சொல்லும்.”

நான் போகமாட்டேன் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் அப்படித்தான் தெரியும். எப்படியோ வீட்டுச் செருப்போடு குளிரில் நின்று வான் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தேன். “ப்ளீஸ் கம். ஸ்மெல்,” என்றேன். சோதித்தாயிற்று, கவலைப்படாதீர்கள் என்று சிரித்துவிட்டு அவர் மறுபடி எழுதத் தொடங்கினார். நான் நகரவில்லை.

“மை டோட்டர் ஸ்லீப்ஸ் தேர்,” என்றேன்.

அவர் எழுதிய தாளை இரண்டாக மடித்துவிட்டு இறங்கி வந்தார்.

அலுமாரிக்குள் அவ்வளவு பெரிய மனிதர் தலையை விட்டு நின்றதை இன்றைக்கும் நினைத்துச் சிரிப்பேன். தலையை வெளியே எடுத்ததும் கூட்டாளியைக் கூப்பிட்டார். குழாயைத் திரும்ப மேலே இழுத்தார்கள். வளைவில் உரசிய இடத்தில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிந்திருந்தது. கணவர் பக்கத்திலேயே நின்றார், ஆனால் வெள்ளைக்காரர் மன்னிப்பை என்னிடம்தான் கேட்டார். போகும்போது சாம்பிராணி ஒரு கட்டியும் கேட்டு வாங்கிப்போனார்.

மூன்றாம் நாள் அந்த வளைவை அகலமாக்கிப் புதுக் குழாய் இறக்கினார்கள். அடுப்புக்குள் சாம்பிராணி போட்டேன். கணவர் தானே மாடிக்குப் போனார். அலுமாரிக் கதவு திறபடும் சத்தம் கேட்டது. படியடியில் நின்று என்னவென்று கேட்டேன்.

“ஒண்டுமில்லை,” என்றார் மேலிருந்து. “இண்டைக்குச் சாமி மேல வரேல்லை.”

விறகை அடுக்கி, முதல் தீக்குச்சியை நானே உரசினேன்.