பிரிந்து போனது பிரிட்டன், வெளியே நின்றது என் தங்கை

நியூ ஜெர்சியில் நம் வண்டிக்கு நாமே பெட்ரோல் போட்டுக்கொள்ளக் கூடாது. சட்டம் அப்படி. பங்கில் வண்டியை நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆள் வந்து போடுவார். இருபது ஆண்டுகளுக்கு மேலாக எடிசனில் இருக்கும் எனக்கு அது பழகிவிட்டது. லண்டனிலிருந்து வந்திருந்த என் தங்கை செலினுக்குப் பழகவே இல்லை. வண்டி நின்றதும் கதவைத் திறந்து இறங்கிக் குழாயில் கை வைத்துவிடுவாள். பங்கில் வேலை பார்க்கும் பஞ்சாபிக்காரர் இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடி வருவார். "மேடம், நோ, நோ! திஸ் இஸ் ஜெர்சி!" செலின் என் பக்கம் திரும்புவாள். "நான் இன்னாண்ணா திருடவா போறேன்?"

மேற்கே ஒரு மணி நேரம் ஓட்டினால் டெலவர் ஆறு வரும். பாலத்தைத் தாண்டினால் பென்சில்வேனியா. அங்கே அவள் தாராளமாகத் தன் கையாலேயே போட்டுக்கொள்ளலாம். வரி வேறு, சட்டம் வேறு, ஆனால் பாலத்தில் நின்றுகொண்டு யாரும் பாஸ்போர்ட் கேட்பதில்லை. பல நாடுகளோ மாநிலங்களோ ஒன்றாக இருப்பதில் சாதாரண மனிதனுக்குக் கிடைக்கும் பெரிய சௌகரியம் இதுதான் என்பது என் எண்ணம். அவரவர் கிறுக்குத்தனங்களை அவரவர் வைத்துக்கொண்டே ஆற்றைக் கடந்து போய் வரலாம். இதைத்தான் ஒரு நாடு 2016 ஜூன் 23 அன்று வாக்குப்பெட்டி வைத்து வேண்டாம் என்றது.

இதைச் சொன்னால் இங்கே யாருக்கும் புரிவதில்லை. என் அலுவலகத்தில் ஸ்டீவ் என்றொரு நல்ல மனிதர். தங்கைக்குப் பிரெக்ஸிட்டால் சிக்கல் என்றேன். "அவர் இந்தியர் இல்லையா?" என்றார். ஆமாம், ஆனால் அவள் கணவர் பிரெஞ்சுக்காரர் என்றேன். "ஓ, அப்படியானால் வெள்ளைக்காரரா?" இல்லை, எங்களைப் போலத் தமிழர். "பாரிஸ்காரரா?" பாண்டிச்சேரிக்காரர், லண்டனில் இருக்கிறார். ஸ்டீவ் காப்பியை ஒரு மிடறு குடித்துவிட்டு, "எதுவானாலும் ஒரு வழியாக முடிந்துவிட்டதே, அவருக்குச் சந்தோஷம்தானே?" என்றார். ஓக் ட்ரீ ரோட்டில் மளிகை வாங்கும்போது பார்க்கும் நம் பையன்கள் இன்னும் மோசம். "அங்கிள், பிரெக்ஸிட்லாம் ஓல்ட் நியூஸ். இன்னுமா அதை ஃபாலோ பண்றீங்க?" நான் அதை ஃபாலோ செய்யவில்லை. அதுதான் எங்கள் குடும்பத்தை விடாமல் ஃபாலோ செய்கிறது.

ஸ்டீவுக்குச் சொல்ல முடியாததை உங்களுக்குச் சொல்கிறேன். பாண்டிச்சேரியை விட்டுப் பிரெஞ்சு நிர்வாகம் போனது 1954 நவம்பர் 1. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்ட் 16. அதற்குப் பிறகு ஆறு மாதம் கெடு கொடுத்தார்கள். பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டுமென்பவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர் செலினின் கணவர் ஜெரால்டுடைய தாத்தா. எழுதிக் கொடுத்துவிட்டார். அந்த ஒரு கையெழுத்தால் பாரிஸைப் பார்த்தே இராத ஒரு தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பம் வாரிசு வாரிசாகப் பிரெஞ்சுக்காரர்கள் ஆனது. ஒரு நாடு எழுந்து போகும்போது, அங்கேயே இருக்கிற மனிதர்களைப் பார்த்து "நீ யார், இந்தத் தேதிக்குள் சொல்" என்று கேட்பதை ஜெரால்டின் வீடு முன்பே ஒரு முறை பார்த்தாயிற்று.

திருமணமாகிப் பாரிஸ் புறநகரில் சில காலம் இருந்தார்கள். செலினுக்குப் பிரெஞ்சு ஏறவில்லை. தமிழ்க் கடையும், தமிழில் பூசையும், மகளுக்கு இங்கிலீஷ் படிப்பும் கிடைக்கும் என்று கிழக்கு லண்டனுக்குப் பெட்டியைக் கட்டினார்கள். பாண்டியிலிருந்து பாரிஸ் போன எத்தனையோ குடும்பங்கள் செய்ததுதான். பிரெஞ்சுப் பாஸ்போர்ட் வைத்திருந்தால் அப்போது அதற்கு யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் டெலவர் பாலம் மாதிரிதான். மகள் ரீட்டா அங்கேயே பிறந்தாள். செலின் மட்டும் இந்தியப் பாஸ்போர்ட்டை விடவில்லை. "வூட்ல ஒருத்தர்கிட்ட பிரெஞ்சு இருந்தா போதும்ணா. எல்லாரும் பிரெஞ்சாயிட்டா சண்டையில யார் தமிழ்ல திட்றது?" என்பாள்.

2020 ஜனவரி 31 அன்று ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டுப் பிரிட்டன் வெளியேறியது. அங்கேயே இருந்த ஒன்றிய நாட்டுக்காரர்களும் அவர்கள் குடும்பத்தாரும் தாங்கள் அங்கேதான் இருக்கிறோம் என்று 2021 ஜூன் 30க்குள் மனுப் போட்டு நிரூபிக்க வேண்டும் என்றார்கள். இவர்கள் ஒழுங்காகப் போட்டார்கள், கிடைத்தது. ஆனால் சின்னச் சின்ன வேலிகள் முளைத்துக்கொண்டே இருந்தன. பாரிஸில் இருக்கும் ஜெரால்டின் அக்கா வழக்கமாக அனுப்பும் வடகப் பொட்டலம் சுங்கத்தில் மாட்டி, பிரித்துப் பார்க்கப்பட்டு, வரியோடு வந்தது. கோடை விடுமுறைக்குப் பாரிஸ் போனால் அப்பனும் மகளும் ஒரு வரிசை, செலின் வேறு வரிசை. செலினுக்கு முதலில் படம் போட்ட ஓர் அட்டை தந்திருந்தார்கள். 2024 டிசம்பர் 31 தேதியோடு அதுவும் செல்லாது, இனி எல்லாம் கம்ப்யூட்டரில்தான் என்று சொல்லிவிட்டார்கள். அவள் அந்த நாட்டில் வாழலாம் என்பதற்கு அவள் கையில் இப்போது ஒரு துண்டுத் தாள்கூடக் கிடையாது. ஆகாயத்தில் எங்கோ இருக்கிறது.

போன வசந்தத்தில் என் மகளுக்குக் குழந்தை பிறந்தது. பத்தியச் சமையலுக்கும் குழந்தையைக் குளிப்பாட்டவும் செலின் வந்தாள். அத்தை வந்து இறங்கினால்தான் எங்கள் வீட்டில் பிரசவமே முழுமையாகும். வந்த இடத்தில் அவளுடைய பாஸ்போர்ட் காலாவதியாகும் நேரம் நெருங்கியதால், நியூயார்க்கில் இருக்கும் இந்தியத் துணைத் தூதரகம் மூலம் புதுப்பித்தோம். நம்மவர்கள் எல்லாரும் செய்கிற காரியத்தை அவளும் செய்தாள். பழைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இருக்க வேண்டிய கட்டத்தில் எங்கள் அப்பாவின் பெயர் இருந்தது. விமான நிலையங்களில் எல்லாம் அவளை அப்பா பெயரைச் சொல்லி "மிஸஸ் சூசைராஜ்" என்று கூப்பிட்டுக் கடுப்பேற்றியிருக்கிறார்கள். "செத்துப் போன அப்பாவுக்கு என்னைக் கட்டி வச்சிட்டானுங்க" என்று சிரிப்பாள். புதியதில் கணவர் பெயரைப் போட்டுக்கொண்டாள். மனைவி கணவன் பெயரைப் போட்டுக்கொள்வதில் உலகத்தில் யாருக்கு என்ன நஷ்டம் வரும் என்று நினைப்போம்?

மே மாதத்தில் ஒரு திங்கட்கிழமை லண்டனிலிருந்து ரீட்டா கூப்பிட்டாள். ஜெரால்டுக்குப் பைபாஸ் செய்ய வேண்டும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். இலையுதிர் காலத்தில்தான் இடம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில்தான் செலின் கிளம்பி வந்திருந்தாள். இப்போது வேறொரு நோயாளி வரவில்லை என்று சொல்லிவிட்டதால் அந்த வியாழக்கிழமையே அறுவை சிகிச்சை என்று மருத்துவமனையில் சொல்லிவிட்டார்களாம். அவர் நெஞ்சைப் பிளக்கும்போது தான் அங்கே இருக்க வேண்டும் என்பதைத் தவிர செலினுக்கு வேறு நினைப்பு இல்லை. செவ்வாய்க்கிழமை காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன்.

நெவார்க் விமான நிலையக் கவுன்டரில் இருந்த பெண் நிஜமாகவே அன்பானவர். புதிய பாஸ்போர்ட்டைத் தட்டிப் பார்த்தார். மறுபடி தட்டிப் பார்த்தார். "லண்டனுக்கு உங்களுக்கு விசா இல்லையே?" என்றார். வீடே அங்கேதான் என்றேன். பழைய பாஸ்போர்ட்டைக் கொடுத்தோம். அதன் எண்ணுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் அது ரத்தான பாஸ்போர்ட். இது செல்லும் பாஸ்போர்ட், ஆனால் எண்ணும் வேறு, பெயரும் வேறு, அனுமதியும் இல்லை. பிரிட்டனின் கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை செலின் சூசைராஜ் லண்டனில் வாழலாம். செலின் ஜெரால்ட் என்ற பெண்மணியை அதற்குத் தெரியாது.

"கணவர் பிரெஞ்சுக்காரர் என்றால் பாரிஸுக்குப் போகலாமே?" என்றார் அந்தப் பெண். அதற்கும் விசா வாங்க வேண்டும். அவர் திரையை இன்னும் கொஞ்ச நேரம் உருட்டினார். பிறகு ஏதோ நல்ல செய்தி சொல்பவரைப் போல நிமிர்ந்தார். "இந்தியாவுக்கு எந்தத் தடையும் இல்லை, மேடம். மும்பைக்கு இன்று மாலையே இடம் இருக்கிறது."

செலின் தமிழில் என்னிடம் சொன்னாள். "மும்பையில எனக்கு யாருண்ணா இருக்கா? இந்தப் பொண்ணோட அக்காவா அங்க ஆபரேஷன் பண்றா?" செலின் நன்றி சொல்கிறாள் என்று நினைத்து அந்தப் பெண் புன்னகைத்தார்.

வீட்டுக்கு வந்து இணையக் கணக்கைத் திறந்து புதிய பாஸ்போர்ட்டைச் சேர்க்க உட்கார்ந்தோம். உள்ளே நுழைய அவளுடைய லண்டன் கைப்பேசிக்கு ஓர் எண் வருமாம். அந்த லண்டன் சிம்மை அவள் கொண்டு வரவில்லை. ரோமிங் பணம் பிடுங்கும், தொலைந்தாலும் தொலையும் என்று கழற்றி ஜெரால்டின் பழைய போனில் போட்டு வைத்துவிட்டு வந்திருக்கிறாள். வெளியூர் போகும் தமிழரில் பாதிப் பேர் இப்படித்தான் செய்கிறோம். ரீட்டாவைக் கூப்பிட்டால் பள்ளியில் இருந்தாள். வீட்டுக்கு வந்து அந்தப் போனைத் தேடி எடுத்தால் சார்ஜ் இல்லை. சார்ஜ் ஏறியதும் எண்ணைப் படித்தாள்.

"மம்மி, ஃபோர், செவன், செவன்…"

"மெதுவா சொல்லுடி!"

"மெதுவா சொன்னா அது எக்ஸ்பயர் ஆயிடும், மம்மி!"

ஆகிவிட்டது. மறுபடி கேட்டோம், மறுபடி ஆகிவிட்டது. புதன்கிழமை ஒருவழியாக உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் ஏற்றினோம். பெயர் மாறியிருப்பதால் பரிசீலித்துவிட்டுச் சொல்கிறோம் என்று திரையில் ஒரு வரி வந்தது. உதவி எண்ணை அழைத்தேன். நெடுநேரம் இசை கேட்டபின் கிடைத்த இளைஞன், "அவங்க இப்போ பிரிட்டனுக்குள் இருக்காங்களா, வெளியே இருக்காங்களா?" என்று கேட்டான். உள்ளே வரத்தானே ஐயா இத்தனையும் என்றேன். "புரியுது சார். வெளியே இருந்தா காத்திருக்கணும்" என்றான். நான் போனை வைத்த வேகத்தில் தூங்கிக்கொண்டிருந்த பேரன் விழித்துக்கொண்டான்.

அந்த நாடு எழுந்து போனதாகச் சொன்னார்கள். அது எங்கேயும் போகவில்லை. அதே கடலில் அதே இடத்தில்தான் இருக்கிறது. கட்டுப்பாட்டை மீட்டோம் என்று கொண்டாடினார்களே, அந்தக் கட்டுப்பாடு கடைசியில் வந்து விழுந்தது, கணவனுக்குக் கஞ்சி வைத்துக்கொடுக்கப் போகிற ஒரு பெண்ணின் தலையில். திட்டுவதற்குக்கூட ஓர் ஆள் கிடைப்பதில்லை. எல்லாரும் மரியாதையாகப் பேசுகிறார்கள்.

பதில் அடுத்த வாரம்தான் வந்தது. அதற்குள் வியாழக்கிழமை வந்துவிட்டது. ரீட்டாதான் அப்பாவோடு மருத்துவமனைக்குப் போனாள். அறுவை நல்லபடியாக முடிந்தது என்று எங்களுக்குக் காலையிலேயே தகவல் சொல்லிவிட்டாள். மதியத்துக்கு மேல், அங்கே மாலை, மறுபடி கூப்பிட்டாள். "மம்மி, டாடி கண்ணைத் திறந்துட்டாரு. உன்னைத்தான் கேக்கறாரு. நீ ஃப்ளைட் ஏறலன்னு நான் இன்னும் சொல்லல. வீடியோ வேணாம், பேசு."

ஸ்பீக்கரில் ஜெரால்டின் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வருவதுபோல் வந்தது. "செலின்… எங்க இருக்க?"

செலின் என்னைப் பார்த்தாள். சமையலறை மேடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள்.

"கீழதாங்க இருக்கேன். விசிட்டிங் டைம் ஆகலன்னு மேல விட மாட்றாங்க. நீங்க தூங்குங்க, வந்துடுவேன்."

"சாப்ட்டியா?"

"கேன்டீன்ல சாப்ட்டேன்."

அப்போது பக்கத்து வீட்டுப் புல்வெளியில் ஆட்கள் வந்து இறங்கி, புல் வெட்டும் எந்திரத்தை இழுத்துக் கிளப்பினார்கள். எடிசனின் வசந்தகால இரைச்சல் முழுவதும் சமையலறைக்குள் பாய்ந்தது. செலின் கைப்பேசியை நெஞ்சோடு அணைத்து மூடிக்கொண்டு, ஜன்னலைக் காட்டிக் கையை ஆட்டினாள். நான் ஓடிப் போய் ஜன்னலைச் சாத்தினேன்.